அந்தச் சின்னக் குடை யாருடையது?

பயிற்சி மாணவிகளுக்குப் பசிக்காது என்றுதான் ஷமீமா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"ஒண்ணுக்குப் போகணும்னு கேக்காது. பக்கத்துப் பிள்ளை கிள்ளுதுன்னு அழாது. பாடம் மட்டும்தான் கேக்கும். இப்பிடி ஒரு கிளாஸ் கெடைக்கணும்னு எத்தனை டீச்சர் நேந்துக்கிட்டிருப்பாங்க, சொல்லுங்க" என்று சிரித்தாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவளாக, "இருபத்தேழாம் நம்பர் மட்டும் ஒரு மாதிரி. அது சாப்பாட்டைப் பத்தியே கேக்கும். நீங்க கண்டுக்காதீங்க டீச்சர்" என்றாள்.

பியூலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வருடங்களுக்குப் பிறகு ஒரு மேஜைக்கு முன்னால், பாடம் சொல்லித்தரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்குப் போதுமான நடுக்கமாக இருந்தது. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் அவள். பள்ளி விட்டு வந்ததும் வீட்டு முன்னறையில் டியூஷன். இலக்கணமா, கவிதையா, பியூலா டீச்சர் ஒரு தடவை சொன்னால் மறக்காது என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வார்கள். ஆறு வருடங்களுக்கு முன் அதையெல்லாம் ஒரே நாளில் விட்டவள், அதன்பின் சாக்பீஸைத் தொட்டதில்லை. இப்போது இங்கே வேலை பார்க்கும் பழைய டியூஷன் மாணவி ஷமீமா மேலப்பாளையத்திலிருந்து நான்கு முறை வீட்டுக்கு வந்து கெஞ்சிக் கூப்பிட்டதால்தான் இங்கே வந்திருந்தாள்.

'அகல் பாடத்துணை' வண்ணார்பேட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ தங்கள் ஆங்கில வீட்டுப்பாடத்தை அங்கே கேட்பார்கள். முன்பெல்லாம் பதில் சொன்னது முழுக்க மெஷின்தான். பிள்ளைகள் பதிலை அப்படியே பார்த்து எழுதிவிட்டுத் தேர்வில் முழித்ததில், மறுபடி மனிதர்களைத் தேட வேண்டி வந்தது. புதிதாகச் சேரும் ஆசிரியரிடம் உடனே நிஜப் பிள்ளைகளைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதல் ஒரு மாதம் மெஷினில் பேசும் பயிற்சி மாணவர்களோடு பேசிக் காட்ட வேண்டும்.

"இதுகளை எப்பிடிச் செய்யுதாங்க?" என்று பியூலா கேட்டிருந்தாள்.

"முன்னாடி நம்மகிட்ட பாடம் கேட்ட பிள்ளைங்க இருக்குல்லா, அதுங்க ரெண்டு மூணு வருசமாக் கேட்ட அத்தனை கேள்வியையும் எடுத்து, அதே மாதிரி கேக்குறதுக்கு மெஷினைப் பழக்கியிருக்காங்க. பேரு, ஊரு, குரல் எல்லாத்தையும் மாத்திருவாங்க. கேக்குற விதம் மட்டும் அந்தப் பிள்ளையோடது."

"அந்தப் பிள்ளைங்கள்லாம் இப்ப?"

"காலேஜ் போயிருக்கும். கல்யாணம் முடிஞ்சிருக்கும். யாரு கண்டா."

வேலையின் முறை எளிமையானது. ஒவ்வொரு பயிற்சி மாணவிக்கும் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு வீட்டுப்பாடம். தினம் முக்கால் மணி நேரம். ஒரு கேள்வி முடிந்தாலோ நேரம் முடிந்தாலோ ஆசிரியர் 'சரி' அல்லது 'தவறு' என்று ஒரு பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும். அழுத்தாமல் எழுந்திருக்க விடாது. புரிந்துகொண்ட பாடம் அந்த மாணவியிடம் தங்கும்; பேசிய மற்றதெல்லாம் மறுநாள் இருக்காது. ஆனால் 'தவறு' விழ விழப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கும். நிஜப் பிள்ளைகள் அப்படித்தானே என்று அப்படி வைத்திருந்தார்கள். ஐந்தும் 'சரி' ஆகிவிட்டால் அந்த ஆசிரியருக்கு அந்த மாணவி முடிந்தாள். திரும்ப வர மாட்டாள். அடுத்த எண் வரும்.

பியூலா ஒன்பது நாட்களில் இருபத்தாறு பேரை முடித்தாள். ஷமீமா வாயைப் பிளந்தாள். ஒருவருக்கு ஒரு மாதமாகும் வேலை அது. பத்தாம் நாள் காலை திரையில் 'மலர், ஒன்பதாம் வகுப்பு' என்று வந்தது. இருபத்தேழு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருந்த அதே பொதுக்குரல்தான். அந்தக் குரல் சொன்னது: "மிஸ், ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கப்பிடாது."

அந்தப் பேச்சு பியூலாவுக்குப் பழக்கமானது. எத்தனையோ பிள்ளைகள் அப்படிச் சொல்லும், இது ஒன்றும் அதிசயமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, "கேளு" என்றாள்.

வீட்டுப்பாடம் ஒரு கதை. ஆற்றுக்கு அக்கரையில் தேர்வெழுதப் போகும் ஒரு சிறுமி. நல்ல மழை. படகுக்காரர் ஒன்றும் பேசாதவர். கரை வந்ததும் பலகைக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சிவப்புக் குடையை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, தான் நனைந்துகொண்டே படகைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். அவ்வளவுதான் கதை. அதை ஒட்டி ஐந்து கேள்விகள்.

"அந்தப் படகுக்காரர் மத்தியானம் சாப்பிட்டாரா மிஸ்? அக்கரைக்கும் இக்கரைக்கும் போயிட்டே இருக்காரே. பாடத்துல அதைப் போடவே இல்ல."

இதைத்தான் ஷமீமா சொல்லியிருந்தாள். பியூலா பாடத்துக்குள் பிள்ளையை இழுத்தாள். முதல் மூன்று கேள்விகளும் சொற்பொருள், வினைச்சொல், வாக்கிய மாற்றம். பிள்ளை மளமளவென்று முடித்தது. நான்காவது, செயப்பாட்டு வினையில் சொந்தமாக நான்கு வாக்கியங்கள். திரையில் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக எழுத்துகள் விழுந்தன. கண்ணாடி அப்பாவால் அறுக்கப்படுகிறது. வெங்காயம் அம்மாவால் எப்போதும் கருக்கப்படுகிறது. முன்னறையில் இருபது பிள்ளைகளுக்கு அம்மாவால் பாடம் சொல்லப்படுகிறது. பின்னறையில் ஒரு பிள்ளைக்கு மெஷினால் பாடம் சொல்லப்படுகிறது.

பெயரை மாற்றினார்கள், ஊரை மாற்றினார்கள், குரலை மாற்றினார்கள். இலக்கணப் பயிற்சிதானே என்று இந்த நான்கு வாக்கியங்களை மட்டும் யாரும் துடைக்கவில்லை.

பியூலாவின் கணவர் காட்வினுக்குப் பாளை மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸ் அறுக்கும் கல்லுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதை மகள் நிஸ்ஸி கடைப் படியிலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். வெங்காயத்தை அடுப்பில் போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடுவது பியூலாவின் பழக்கம். எல்லாம் சரியாக இருந்தது.

கை தானாகப் போய் 'சரி' என்று அழுத்தியது. நான்கு கேள்விகள் முடிந்தன. அழுத்திய பிறகுதான், மிச்சம் ஒன்றே ஒன்று என்று அவளுக்கு உறைத்தது.

ஐந்தாவது கேள்வி: அந்தச் சின்னக் குடை யாருடையது? காரணத்துடன் எழுதுக.

"பாடத்துல எங்கயுமே சொல்லல மிஸ். சொல்லாததை நான் எப்பிடி எழுத?" என்றது பிள்ளை.

"நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லி, பியூலா 'தவறு' என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

நிஸ்ஸி எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் மாலை, புத்தகமும் கையுமாக டியூஷன் நடந்துகொண்டிருந்த முன்னறைக்கு வந்தாள். ஒண்ணு கேக்கட்டா, சிரிக்கப்பிடாது என்று ஆரம்பித்து, ஏதோ ஒரு பாடத்தில் வரும் தபால்காரர் மலையேறுவதற்கு முன் சாப்பிட்டாரா என்று கேட்டாள். இருபது பிள்ளைகளும் சிரித்தார்கள். பியூலாவும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு, "மக்கு, இதையா கேப்பாங்க? போ, வினாவிடையைப் படி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் அவளுக்கு அது ஞாபகம்கூட இல்லை. அதற்குப் பிறகு நிஸ்ஸி அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. பிள்ளை தானாகவே படிக்கிறாள் என்று பியூலா பெருமைப்பட்டாள். ஒன்பதாம் வகுப்பில், ஆகஸ்ட் மாதத்தில், மூளைக்காய்ச்சல் வந்து நான்கே நாட்களில் அவள் போய்விட்டாள்.

மறுநாள் ஷமீமாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள், ஒரு பயிற்சி மாணவி முடிந்த பிறகு மறுபடி கூப்பிட்டுப் பேச வழியுண்டா என்று. கிடையாது என்றாள் ஷமீமா. ஒரு ஆசிரியர் ஒரே பிள்ளையை வைத்தே நல்ல பெயர் வாங்கிவிடக் கூடாதாம்.

"எதுக்குக் கேக்கீங்க டீச்சர்? ஏதாவது ஒண்ணு மனசுக்குப் பிடிச்சுப்போச்சா? எனக்கும் சேந்த புதுசுல பதினாலாம் நம்பர் மேல அப்பிடித்தான் இருந்துச்சு. எங்க வாப்பா திட்டுனாங்க." அவள் குரலைத் தணித்தாள். "அது பிள்ளை இல்ல டீச்சர். பிள்ளை விட்டுட்டுப் போன கேள்வி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாலும் பியூலாவுக்கு அது போதுமாக இருந்தது. அவளிடம் வந்து சேராத கேள்விகள் அவை.

அன்றிலிருந்து தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைப் பியூலா செய்தாள். வேண்டுமென்றே மோசமாகப் பாடம் நடத்தினாள். குடையைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிச் சொன்னாள். ஆற்றின் வர்ணனைக்குப் போனாள். பிள்ளை விடையின் ஓரத்துக்கு வந்துவிட்டால் பேச்சை மாற்றினாள். நடுவில் அவள் பிள்ளையிடம் தெரிந்துகொள்ள நினைத்ததையெல்லாம் கேட்டாள். எந்தப் பாடம் பிடிக்கும், யாரோடு உட்காருவாய், அம்மா எப்படி. பிள்ளைக்குப் பாடத்துக்கு வெளியே அதிகம் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் சில பதில்கள் வந்தன. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் மிஸ், ஆனா டைம் இருக்காது. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது மிஸ், ஆனா பக்கத்துலயே இருப்பாங்க.

முக்கால் மணி நேரம் முடியும்போது தினமும் ஒரு 'தவறு'.

வீட்டில் காட்வினிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் நிஸ்ஸியின் நீலக் குடை ஆறு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதை எடுத்ததில்லை, அதைப் பற்றிப் பேசியதுமில்லை. மகள் போன வாரத்தில் பியூலா அவளுடைய நோட்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைத் தாமிரபரணியில் எறிந்திருந்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் நிஸ்ஸி என்ற பெயரே சன்னமாகிவிட்டது. காட்வின் நல்ல மனிதர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாது. பகலில் ஒன்றிலிருந்து இரண்டு வரை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடுவார்; கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸில் பாதிச் சோறு அப்படியே திரும்பி வரும். அகலில் வேலைக்குச் சேரப் போவதாக அவள் சொன்ன அன்று மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அங்கயா? வேற ஏதாவது ஸ்கூல்ல கேட்டுப் பாக்கலாமே" என்றார். வீட்டில் மகளுக்கு அகலின் மெஷினை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பதால், அந்த வருத்தமாக இருக்கும் என்று பியூலா நினைத்துக்கொண்டாள்.

"வேலை எப்பிடிப் போகுது?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"போகுது" என்றாள். சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் அவரும் வந்து கேட்கவேண்டும் என்பார், அப்புறம் அவர் உடைந்து போவார் என்று பயந்தாள். அதைவிட, இது தனக்கு மட்டும் கிடைத்தது என்ற ஒரு ஆசையும் உள்ளே இருந்தது. அந்த ஆசையை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். ஆனாலும் சொல்லவில்லை.

ஐந்தாறு நாட்கள் போனதும் பிள்ளையிடம் மாற்றம் தெரிந்தது. முதலில் சாப்பாட்டுக் கேள்வி நின்றது. அப்புறம் 'ஒண்ணு கேக்கட்டா' நின்றது. பியூலா கேட்டால் மட்டும் பதில் வந்தது, அதுவும் ஒரே சொல்லில். ஒன்பதாம் நாள் அரை மணி நேரம் எதுவுமே பேசாமல் இருந்தது. பியூலா பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். ஜோக் சொல்லிப் பார்த்தாள். "தெரியல மிஸ்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஷமீமா அருகில் வந்து நின்று எண்ணிக்கையைப் பார்த்தாள். "என்ன டீச்சர், ஒரே கேள்விக்கு ஒம்பது தவறு? இருபத்தேழு இவ்வளவு மண்டு இல்லையே" என்றாள் விளையாட்டாக. பியூலாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் பிள்ளையே ஆரம்பித்தது.

"மிஸ், என்னைய விட்டுருங்க. எனக்கு இது வராது."

"ஏம்மா அப்பிடிச் சொல்லுத?"

"நான் மக்கு மிஸ். எங்கம்மாவே சொல்லியிருக்காங்க. அவங்க இங்கிலீஷ் டீச்சர். அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

எதிர்ச்சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே பல் மருத்துவமனையில் யாரோ ஒரு குழந்தை அலறியது.  எட்டாம் வகுப்பில் ஒரு தடவை சொன்னதை, இந்தப் பத்து நாளில் பத்துத் தடவை, பொத்தானை அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கிறோம் என்று பியூலாவுக்குப் புரிந்தது. தன் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பிள்ளையைத் திரும்பவும் அந்த முன்னறை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்கம்மா சொன்னது தப்பு" என்றாள். "டீச்சருங்களும் தப்பாச் சொல்லுவாங்க. இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. உனக்குக் குடை இருக்கா?"

"இருக்கு."

"எங்க இருக்கும்?"

"கதவுக்குப் பின்னாடி. ஆணியில."

"நீ ஊருக்குப் போயிட்டேன்னு வச்சுக்க. குடையை எடுத்துட்டுப் போகல. அப்ப அது எங்க இருக்கும்?"

"அங்கனேயேதான் இருக்கும்."

"ரொம்ப நாளா வரல. அப்பவும்?"

பிள்ளை யோசித்தது. "அப்பவும் எடுக்க மாட்டாங்க மிஸ். எங்கம்மா எடுக்கவே மாட்டாங்க. எடுத்தா நான் வர மாட்டேன்னு ஆயிருமே."

பியூலா காத்திருந்தாள். நல்ல ஆசிரியைக்கு எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

"மிஸ்..." என்றது பிள்ளை மெதுவாக. "அந்தப் படகுக்காரருக்கு ஒரு மகள் இருந்தா. சின்னப் பிள்ளை. இப்ப இல்ல. அது அவளோட குடை. அவர் அதைப் பலகைக்கு அடியிலயே வச்சிருந்தாரு. பாடத்துல சொல்லல, ஆனா அப்பிடித்தான். இல்லைன்னா பெரிய ஆளுக்கு எதுக்குச் சின்னக் குடை?"

"ஆமா."

"எனக்குப் புரிஞ்சிட்டு மிஸ்!" பல நாட்களாக இல்லாத வெளிச்சம் அந்தக் குரலில் வந்தது. பிறகு தானே எதையோ கண்டுபிடித்தது போல, "அப்பன்னா அவர் அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்றது.

"சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்றாள் பியூலா. "நல்ல கேள்வி கேட்டிருக்க. முதல் நாளே கேட்ட. நாந்தான் பதில் சொல்லல."

'சரி' என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சின்னப் பச்சைக் கோடு ஓடியது. 'மலர், வீட்டுப்பாடம் நிறைவு' என்று வந்தது. அது மறைந்து, 'விக்ரம், பத்தாம் வகுப்பு' என்று வந்தது. இருபத்தெட்டு.

பியூலா ஷமீமாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஓட்டுநர் இல்லாத டவுன் பஸ் ஒன்று அவளைக் கண்டு தானாக நின்றது, ஏறாமல் நடந்தாள். ஆற்றுப் பக்கம் போகாமல் மார்க்கெட்டுக்குப் போனாள். இனி காட்வினிடம் சொல்லாமல் இருப்பது பாவம். அவருக்கும் மகள்தானே. பதினோரு நாள் தானே வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு சொல் கூடத் தராமல் முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அவர் காலில் விழுந்தாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

மணி ஒன்றேகால். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள்.

லென்ஸ் அறுக்கும் மேஜையில், இவள் பக்கம் முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. அதன்மேல் ஒரு பழைய போனைச் சாய்த்து வைத்திருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கப்பிடாது" என்றது போன். அதே பொதுக்குரல்.

"நான் என்னைக்குச் சிரிச்சிருக்கேன்? கேளு மக்ளே."

"அந்தப் படகுக்காரர் சாப்பிட்டாரா சார்?"

"சாப்பிட்டிருப்பாரு. இன்னைக்கு எனக்குப் புளிக்குழம்பும் அவரைக்காயும். அவருக்கும் அதேன்னு வச்சுக்குவோமே."

பியூலாவின் கைப்பை ஷட்டரில் இடித்தது. அவர் திரும்பினார்.  போனில் பிள்ளை, படகுக்காரருக்கு அப்பளம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள் பியூலா.

"அஞ்சு வருசமா." அவர் போனின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார், லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணி. "அவ போய் ஒரு வருசம் கழிச்சு அகல்ல இருந்து வந்தாங்க. நீ பள்ளிக்கூடத்துல இருந்து வர வேண்டிய பாக்கிப் பணத்துக்காகப் போயிருந்த. பிள்ளை கேட்ட கேள்வியையெல்லாம் எடுத்துக்கிடலாமான்னு கேட்டாங்க. வேற பிள்ளைங்களுக்கு உதவும்னாங்க. கையெழுத்துப் போட்ட தாய் தகப்பனுக்குப் பிள்ளையோட பேசிக்கிட போன்ல ஒரு நுழைவு குடுப்போம்னாங்க. போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் மேஜையில் கிடந்த கண்ணாடித் தூளைத் தாளால் ஒதுக்கினார்.

"அஞ்சு கேள்வியும் புரிஞ்சிட்டா போயிருவான்னு அதுல போட்டிருந்துச்சு, பியூலா. நீ வந்தா நல்லாச் சொல்லிக்குடுத்துருவ. உன்னால சொல்லிக்குடுக்காம இருக்க முடியாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இங்கிலீஷ் வராது. பத்தாவதுலயே அதுலதான் போச்சு. அதனால அவளுக்கும் ஒண்ணும் புரிஞ்சதில்ல. அதனால போகவும் இல்ல. ஒரு கேள்வியும் முடியல, ரெண்டு பேருக்கும்."

"தவறுன்னு அழுத்துனா பிள்ளை ஒடுங்கிருமே."

"எனக்கு அது சரியா தவறான்னே தெரியாதே. எதை அழுத்த? இந்த நுழைவுல அழுத்தியே ஆகணும்னு இல்ல. மணி அடிச்சதும் வச்சிருவேன். மறுநாள் அவ மறுபடி சிரிக்கப்பிடாதும்பா."

பியூலா மேஜைக்கு அருகே வந்தாள். பதினோரு நாட்களைச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது. அவள் அகலில் சேர்ந்த அன்றிலிருந்து அவர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளிடம் பிள்ளை முடிந்துவிட்டாள் என்பதும் தெரிந்துவிட்டது.

"புரிஞ்சிட்டா அவளுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"புரிஞ்சிட்டு."

"சந்தோசப்பட்டாளா?"

அவள் தலையசைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். ஆறு வருடத்தில் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். ஷட்டருக்கு வெளியே மார்க்கெட் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மஞ்சள் துணிக்கு அடியிலிருந்து குரல் கூப்பிட்டது. "சார்? இருக்கீங்களா? அந்தச் சின்னக் குடை யாருது சார்?"

காட்வின் துணியை எடுத்தார். "இதை மட்டும் விடாமக் கேப்பா" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அஞ்சு வருசமா எனக்கும் தெரியல. நீதான் படிச்சவளாச்சே, நீ சொல்லேன். யாரோட குடை அது?"

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பியூலா அவரைப் பார்த்தாள். டிபன் பாக்ஸில் பாதி தின்று மீதி வைத்த சோற்றைப் பார்த்தாள். விடை அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவளுக்குத் தெரியாத விடை என்று அந்தப் பாடத்தில் ஒன்றுமே இல்லை.

"தெரியலைங்க" என்றாள். "பாடத்துல சொல்லல."

"யாரு சார் அது?" என்றது பிள்ளை. "புது மிஸ்ஸா?"

"ஆமா மக்ளே. இங்கிலீஷ் மிஸ். இவங்களுக்கும் தெரியலையாம்."

 போனில் அந்தப் பொதுக்குரல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"அப்பன்னா நாம மூணு பேருமே மக்கு, சார்."

"ஆமா" என்றாள் பியூலா. டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மிஸ், நீங்க சாப்பிட்டாச்சா?"

"இனிமேத்தான்" என்றாள்.